நான் வேண்டாம் என்ற பூட்ஸ்

ஷாமினி, ஜெனி, பிள்ளைகளே, அப்பாவின் ஆஸ்பத்திரிக் கதை உங்களுக்குத் தெரியும். கோயில் திருவிழாவுக்கு முன்னால் நடந்த சிரமதானத் துப்புரவில் அப்பா கழிவுநீர் ஓடும் காணில் இறங்கிச் சுத்தம் செய்தார். அதனால் எலிக்காய்ச்சல் பிடித்தது. ஆண்டவர் காப்பாற்றினார். இப்படித்தான் உங்களிடம் சொன்னேன். பாதரும் பூசையில் இப்படித்தான் சொன்னார். இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. ஆனால் விட்டுப்போனதையும் சேர்த்துப் பார்த்தால் முழுவதும் பொய்.

விட்டுப்போனதை இப்போது எழுதுகிறேன். நான் சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவன், ஹார்ட்வெயார் கடையில் ஆணியும் பைப்பும் விற்கிறவன். பிழை இருந்தால், ஷாமினி, நீ திருத்திக்கொள். கதையை மட்டும் திருத்தாதே.

சூசை அண்ணனிடம் இருந்துதான் தொடங்க வேண்டும். சந்தையில் மூட்டை தூக்குகிற நாட்டாமை அவர். கலஹாத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, கல்யாணம் கட்டி நம் மஹய்யாவைக்கு வந்தவர். நம் கோயிலின் நோயாளர் சேவைக் குழுவில் நான் செயலாளர், அவர் ஓர் உறுப்பினர். சனிக்கிழமை கூட்டத்தில் ஒவ்வொருவரும் எழுந்து நின்று, அந்தக் கிழமை முழுவதும் யாரைப் போய்ப் பார்த்தோம், என்ன செபம் சொன்னோம் என்று அறிக்கை சொல்ல வேண்டும். அதுதான் வழக்கம். என்னுடைய அறிக்கைக்குப் பத்து நிமிஷம் பிடிக்கும். செபம் சொல்வதில் எனக்கு ஒரு பெயர் இருந்தது. நான் செபித்தால் கண் கலங்கும் என்பார்கள். அந்தப் பேச்சு என் காதில் விழாத மாதிரிக் குனிந்துகொள்வேன். ஆனால் ஒரு சொல்லும் தவறாமல் கேட்டுவிடுவேன்.

சூசை அண்ணனின் முறை வந்தால் எழுந்து நிற்பார். "சொல்றதுக்கு ஒன்னும் இல்லீங்க" என்பார். உட்காருவார். கூட்டம் முடிந்ததும் கதிரைகளை அடுக்கிவைத்துவிட்டுப் போவார். அவ்வளவுதான்.

அப்படிப்பட்ட மனிதரைத்தான் எல்லோருக்கும் பிடித்தது. செத்த வீடு என்றால் முதலில் "சூசையைக் கூப்பிடு" என்பார்கள், அதற்குப் பிறகுதான் செபத்துக்கு என்னைத் தேடுவார்கள். ஊரே என்னைச் செயலாளர் என்று கூப்பிடும்போது அவர் மட்டும் "தம்பி" என்பார். அதுகூட எனக்குச் சுட்டது. வருஷத் தொடக்கத்தில் பாதரிடம் உறுப்பினர் பட்டியலைக் கொடுத்தபோது சொன்னேன்: "பாதர், சூசை அண்ணன் ஒரு அறிக்கையும் குடுக்கிறது இல்ல. சேவை செய்யாத ஆள் பேரை வச்சிருக்கிறது சரியில்லீங்க." பாதர் யோசித்துவிட்டு, "உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். பெயரை வெட்டினேன். விஷயத்தைச் சொன்னபோது சூசை அண்ணன் "சரிங்க தம்பி" என்றார். அடுத்த சனிக்கிழமையும் கூட்டம் முடிகிற நேரத்துக்கு வந்து கதிரைகளை அடுக்கினார். ஒரு வார்த்தை சண்டை பிடித்திருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

இனி சிரமதானம். கோயிலுக்குப் பின்னால் இருக்கிற காணைச் சூசை அண்ணன்தான் வருஷா வருஷம் சுத்தம் செய்வார். முழங்கால்வரை வரும் கறுப்பு றப்பர் பூட்ஸ் ஒரு சோடி அவரிடம் இருந்தது. அன்றைக்குப் பாதர் படியில் நின்று, "சூசை இருக்கிறதால நமக்கு அந்தக் காணைப் பத்திக் கவலை இல்ல" என்று சிரித்தார். அந்த ஒரு வரி போதுமாக இருந்தது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நான் முதலில் இறங்கிவிட்டேன். முந்தின நாள் கடையில் தகரம் கிழித்த காயம் கணுக்காலில் ஆறாமல் இருந்தது. சூசை அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

"தம்பி, கால்ல காயம் இருக்கு. ஏறுங்க, நா பாத்துக்கிறேன்."

"ஏன், நாங்க செஞ்சா சுத்தமாகாதா?"

"அதுக்கில்ல. அப்ப இந்தப் பூட்ஸயாவது போட்டுக்குங்க." கரையில் உட்கார்ந்து ஒரு காலைக் கழற்றவும் தொடங்கிவிட்டார்.

"வேணாம். உங்க பூட்ஸ நீங்களே வச்சுக்குங்க."

சுற்றி நின்ற இளைஞர்கள் சிரித்தார்கள். ஒருவன், "சூசை மாமா, செயலாளருக்கு உங்க கால் நாத்தம் புடிக்கல போல!" என்றான். சூசை அண்ணனும் சிரித்தார். நான் இரண்டு மணித்தியாலம் சேற்றில் நின்று அந்தக் காணை அடிவரைக்கும் வழித்தேன். பாதர் வந்து தோளில் தட்டினார். திருவிழாக் கொடியைவிட உயரத்தில் பறந்தேன் அன்றைக்கு. வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம், "நா காண்ல எறங்கல, மேல நின்னு வேல வாங்குனேன்" என்றேன். காயத்தோடு தண்ணீரில் இறங்காதே என்று அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

பத்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்தது. பனடோலும் கொத்தமல்லித் தண்ணீருமாக மூன்று நாள் போனது. கெண்டைக்கால் சதையை யாரோ முறுக்கிப் பிழிவது போல வலி. கண் இரண்டும் அழுதவன் கண் மாதிரிச் சிவந்துவிட்டது. டிஸ்பென்சரி டொக்டர் இரத்தம் பார்த்துவிட்டு, டெங்காக இருக்கலாம், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று கடிதம் கொடுத்தார். வெளியே பெஞ்சில் உங்கள் அம்மா என் தலையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பக்கத்தில் ஒருவர் பழம் உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருக்குப் பசிக்கிறதே என்று எனக்குப் பொறாமையாக இருந்தது. அதிலிருந்து எனக்கு அந்த நாட்கள் முழுவதும் அந்த ஒரு குணம்தான். நோய் வந்தால் மனிதன் நல்லவனாகிவிடுவான் என்று நான் எத்தனையோ கட்டில்களுக்குப் பக்கத்தில் நின்று பேசியிருக்கிறேன். என்னை அது நல்லவன் ஆக்கவில்லை.

வார்டில் போட்ட மறுநாள் காலை டொக்டர் சுற்றி வந்தார். சின்ன வயசுப் பெண். என் கண்ணையும் காலையும் அழுத்திப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் கேட்டார்: "வயலில், சேற்றில், காணில் எங்கேயாவது இறங்கினீர்களா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்கள்."

கடை வியாபாரத்தில் பழகிய சிங்களம். கேள்வி எனக்கு நன்றாக விளங்கியது. கட்டிலின் அந்தப் பக்கம் அம்மா நின்றாள். காண் என்று சொன்னால் அவளிடம் சொன்ன பொய் வெளியே வரும். பூட்ஸ் கதையும் வரும். "இல்லை டொக்டர்" என்றேன்.

பிள்ளைகளே, கோயிலில் பதினைந்து வருஷம் வாய் கிழிய செபம் சொன்ன உங்கள் அப்பாவிடம், உயிர் போகிற நேரத்தில் யாரோ ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே ஒரு சொல் போதும். அந்தச் சொல்லை நான் சொல்லவில்லை.

டொக்டர் என் கண்ணை இன்னொரு தடவை விரித்துப் பார்த்தார். பிறகு டெங்குக்குப் பார்க்கிற மாதிரியே இன்னொரு நாள் பார்ப்போம் என்று எழுதிவிட்டுப் போனார்.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். வாசலில் நின்ற அட்டெண்டன் சத்தமாக, "ஆ, சூசை மாமா ஆவா!" என்றான், சூசை மாமா வந்துவிட்டார் என்று. என்னைப் பார்க்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் என் கட்டிலுக்கு வரவில்லை. எனக்கு அடுத்த கட்டிலில் ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டத்து ராமையா என்ற கிழவர் படுத்திருந்தார், அவரிடம் போனார். தெரிந்தவர்போலப் பையைத் திறந்து, சவர்க்காரம் நுரைத்துத் தாடி வழிக்கத் தொடங்கினார். நர்ஸ் மிஸ் வந்து, "சூசை மாமா, இந்த ஆளுக்கு விளங்குற மாதிரிச் சொல்லுங்க" என்று சிங்களத்தில் ஏதோ சொன்னார். அதை அவர் ராமையாவுக்குத் தமிழில் சொன்னார்: "அண்ணே, நாளைக்கு வயித்த ஸ்கேன் பண்றாங்களாம். காலைல ஒன்னும் சாப்பிடக் கூடாது. பயப்பட ஒன்னுமில்ல, நோவாது."

தோட்டத்துச் சனங்கள் பலருக்குச் சிங்களம் விளங்காது. என்ன வருத்தம், என்ன நோய் என்றே தெரியாமல் படுத்திருப்பார்கள். சந்தைச் சிங்களத்தை வைத்துக்கொண்டு இவர் பகல் நேரத்தில் கட்டில் கட்டிலாகப் போய்ச் சொல்லிக்கொடுத்து வந்திருக்கிறார். எத்தனை வருஷமாக என்று அட்டெண்டனைக் கேட்டேன். "நான் வேலைக்கு வரும்போதே வந்துக்கிட்டிருந்தாரு" என்றான்.

சொல்றதுக்கு ஒன்னும் இல்லீங்க.

கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தேன். வெட்கமாக இருந்தது என்று எழுதத்தான் ஆசை. அப்போது வந்தது வெட்கம் இல்லை, எரிச்சல். இவ்வளவையும் நான் செய்திருந்தால் சனிக்கிழமை அறிக்கைக்கு அரை மணித்தியாலம் போதாது. இந்த மனிதர் அதைச் சொல்லாமல் வைத்து என்னை முட்டாளாக்கிவிட்டாரே என்றுதான் நினைத்தேன்.

ராமையாவை முடித்துவிட்டு என்னிடம் வந்தார். கண்ணைப் பார்த்தார். காலைத் தொட்டதும் நான் கத்தினேன். குனிந்து மெதுவாகக் கேட்டார்: "தம்பி, டொக்டர்கிட்ட காண் விசயம் சொன்னீங்களா?"

அம்மா அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "என்னா காண்?" என்றாள்.

"அது ஒன்னுமில்ல. நீங்க ஒங்க வேலயப் பாருங்க" என்றேன் அவரிடம்.

அவர் தன் வேலையைத்தான் பார்த்தார். நேரே மிஸ்ஸின் மேசைக்குப் போனார். அவர் கை என் கட்டிலைக் காட்டுவதும், பிறகு தன் கணுக்காலைத் தொட்டுக் காட்டுவதும் தெரிந்தது. டொக்டர் திரும்பி வந்தார். இந்த முறை அவர் யோசித்துச் சொல்லுங்கள் என்று கேட்கவில்லை. "காணில் இறங்கினீர்கள், இல்லையா?" என்றார். "ஆமாம்" என்றேன். அம்மா தலையில் கை வைத்துக்கொண்டு கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

டொக்டரும் மிஸ்ஸும் போன பிறகு சூசை அண்ணனைப் பார்த்து, "ஒங்கள யாரு கேட்டா?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"கோவிச்சுக்குங்க தம்பி, பரவாயில்ல" என்றார். "நல்லானதும் இன்னும் நல்லாக் கோவிச்சுக்குங்க. மருந்து மட்டும் மாறக் கூடாது."

எலிக்காய்ச்சல் என்றால் இதுதான். எலியின் சிறுநீரில் இருக்கிற கிருமி, சேற்றுத் தண்ணீரில் கலந்து, நம் தோலில் உள்ள வெட்டுக்காயம் வழியாக உள்ளே போகிறது. முதலில் காய்ச்சல், பிறகு கண், ஈரல், கடைசியில் சிறுநீரகம். சீக்கிரமே ஊசி மருந்து ஏற்றினால் நல்லது. அன்று பின்னேரமே எனக்கு ஏற்றினார்கள். ஆனாலும் அதற்கிடையில் என் சிறுநீரகம் வேலைநிறுத்தம் செய்துவிட்டது. சிறுநீரகம் வடிகட்ட வேண்டிய ஒரு கழிவின் பெயர் கிரியேற்றினின். இரத்தத்தில் அதன் அளவு ஏற ஏற ஆபத்து. எனக்குத் தினமும் ஏறியது. "மெஷினில் போட்டுப் பார்ப்போம். அநேகமாகத் திரும்பி வேலை செய்யும், ஆனால் உறுதி சொல்ல முடியாது" என்றார் டொக்டர். டயலிசிஸ் என்பது அதுதான். கழுத்தில் ஒரு குழாயைப் போட்டு, இரத்தத்தை வெளியே எடுத்து, இயந்திரம் கழுவித் திரும்ப அனுப்பும். நான்கு மணித்தியாலம் அசையாமல் கிடக்க வேண்டும். பக்கத்தில் அது கிர் கிர் என்று சுற்றும். என் உயிர் வெளியே ஒரு ரவுண்டு போய் வருகிற மாதிரி இருக்கும்.

அந்த நாட்களில் ஒவ்வொருவர் சிறுநீரையும் அளவு போட்ட பாத்திரத்தில் பிடித்து எழுதுவார்கள். ராமையாவுக்கும் என் நோய்தான், வயல் சேற்றில் பிடித்தது. அவருக்கு ஒரு நாள் பாத்திரம் முக்கால்வாசி வந்தது. எனக்கு அடியில் ஒரு மடக்கு, தேத்தண்ணிச் சாயம் மாதிரி. "என்னா தம்பி, நம்மளுக்கு மாதுரு ஓயா ஆறே ஓடுது, ஒங்களுக்கு இன்னும் கெணறு தோண்டிக்கிட்டு இருக்காங்க போல" என்றார் கிழவர். மனிதன் இன்னொரு மனிதனின் மூத்திரத்தைப் பார்த்துப் பொறாமைப்படுவான் என்று நான் நினைத்ததே இல்லை.

ஒரு நாள் என் வழக்கப்படி, "ஐயா, ஒங்களுக்காக ஒரு செபம் சொல்லவா?" என்று அவரிடம் கேட்டேன். அவர் சைவம். "சொல்லுங்க சொல்லுங்க, எந்தச் சாமின்னாலும் சாமிதான்" என்றார். நான் கண்ணை மூடித் தொடங்கினேன். நடுவில் அவர், "தம்பி, செபத்த நிறுத்தீட்டு அந்தப் பாத்திரத்த எட்டிக் குடுங்க, அவசரம்" என்றார். எனக்கு எட்டவில்லை. சூசை அண்ணன் வந்துதான் எடுத்துக் கொடுத்தார்.

சூசை அண்ணன் எனக்கு வேண்டாம் என்றுதான் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தேன். ஆனால் அவர் ராமையாவிடம் முதலில் போனால் அதையும் பொறுக்க முடியவில்லை.

ஜெனி, உனக்கு இது ஞாபகம் இருக்கும். சின்னப் பிள்ளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். நீ வெளியில் அழுதிருக்கிறாய். சூசை அண்ணன் மேலே வந்து, "தம்பி, அந்த சன்னல் பக்கம் கொஞ்சம் திரும்புங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கீழே முற்றத்தில் மூட்டை தூக்குகிற தோளில் உன்னை ஏற்றி நிறுத்தினார். நீ இரண்டு கையையும் ஆட்டினாய். கழுத்துக் குழாயோடு நானும் கையை ஆட்டினேன். நீ சிரித்தபோது அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அதைத்தான் நான் பார்த்தேன். என் பிள்ளை இன்னொருத்தன் தோளில். நான் அழுததைப் பார்த்து, பாசத்தில் அழுகிறார் என்று மிஸ் எல்லோரிடமும் சொன்னார்.

அம்மா காண் கதையைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. தினமும் சோறு கொண்டு வந்தாள். உப்பில்லாமல் ஆக்கச் சொன்னார்கள் என்று வீட்டில் எல்லோரும் உப்பில்லாமல் சாப்பிட்டதாக ஷாமினி பிறகு சொன்னாய். அம்மா என்னிடம் அதையும் சொல்லவில்லை. என் கால் நகத்தை வெட்டும்போது மட்டும், அந்தக் காயத் தழும்பில் விரலை வைத்து, "இதையாவது என்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள்.

மூன்றாவது தடவை மெஷினில் போட்ட பிறகு பாத்திரத்தில் தண்ணீர் ஏறத் தொடங்கியது. ராமையா கை தட்டினார். கிரியேற்றினின் இறங்கியது. குழாயைக் கழற்றினார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த டொக்டர் சொன்னார்: "அந்த மாமா அன்றைக்குச் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் பிந்தியிருக்கும். பிந்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று என்னால் சொல்ல முடியாது." நான் தலையாட்டினேன்.

இதற்குப் பிறகுதான் பெரிய பிழை செய்தேன். ஆஸ்பத்திரியில் சொன்னது பயத்தில் வந்த பொய். இது தெளிவாக யோசித்துச் செய்தது. பாதர் பூசையில், "ஆண்டவருடைய வீட்டைச் சுத்தம் செய்யப் போய் உயிரைப் பணயம் வைத்தவர்" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் வழக்கம்போலக் குனிந்துகொண்டேன். ஷாமினி, நீ மறைக்கல்வி விழாவில் அதையே பேச்சாகப் பேசினாய். "இறைபணியில் நோயுற்ற என் தந்தை." ஒரு இடத்தில் உன் குரல் உடைந்தது. உனக்குக் கப் கொடுத்தார்கள். கடைசி வரிசையில் இருந்து ஒருவர் எல்லோரையும்விடச் சத்தமாகக் கை தட்டினார். திரும்பிப் பார்த்தேன். சூசை அண்ணன்.

அவருக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் மனதோடு தட்டினார். ஒரு பிள்ளை நன்றாகப் பேசினால் கை தட்டுகிறவர் அவர். அவ்வளவுதான். அந்த மாதிரி ஒரு தடவை கை தட்ட எனக்கு வருமா என்று நினைத்தேன். என் வாழ்க்கையிலேயே அவர்மேல் எனக்கு வந்த மிகப் பெரிய பொறாமை அதுதான்.

போன சனிக்கிழமை கூட்டத்தில் என் முறை வந்தது. எழுந்து நின்றேன். பத்து நிமிஷம் பேசவில்லை. காயத்தையும் பூட்ஸையும், அம்மாவுக்குச் சொன்ன பொய்யையும், டொக்டருக்குச் சொன்ன பொய்யையும், சூசை அண்ணன் பெயரை வெட்டியதையும் சொன்னேன். வார்டில் பார்த்ததையும் சொன்னேன். பாதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் ஒரேயடியாகச் சூசை அண்ணனைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள். ஆ, அப்படியா, எங்கள் அம்மாவையும் பார்த்தார், எங்கள் மாமாவையும் தூக்கிப் போனார் என்று. உண்மையைச் சொல்லிவிட்டு உட்கார்ந்த அந்த நிமிஷத்திலும், என்னைப் பற்றி ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையே என்று ஒரு மூலையில் எரிந்தது. அதையும் உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

கதிரை அடுக்க வந்த சூசை அண்ணனிடம், பெயரைத் திரும்பச் சேர்க்கிறோம் என்றார் பாதர். "அதுக்கென்னாங்க பாதர், சேத்துக்குங்க. ஆனா அறிக்கை சொல்றதுக்கு மட்டும் என்னய எழுப்பாதீங்க" என்றார்.

ஷாமினி, இதை ஊரில் யாராவது சொல்லி நீ கேட்கக் கூடாது என்றுதான் எழுதினேன். அலுமாரியில் இருக்கிற கப்பை என்ன செய்வது என்று நீயே யோசி. நீ பேசியது பொய் இல்லை. நான் உனக்குக் கொடுத்ததுதான் பொய்.

இன்னும் ஒன்று. நேற்று மழையில் கோயில் காண் மறுபடியும் அடைத்துக்கொண்டது. நான் போகும்போது சூசை அண்ணன் பூட்ஸோடு உள்ளே நின்றார். வாளியை எடுத்து மேலே நின்று சேற்றை வாங்கினேன். பாதி வேலையில் அவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. கரையில் ஏறி உட்கார்ந்தார்.

"மிச்சத்த நா பாக்குறேன் அண்ணே" என்றேன்.

என் காலைப் பார்த்தார். ஒவ்வொரு காலாகப் பூட்ஸைக் கழற்றி, தலைகீழாகத் தட்டி, என் முன்னால் வைத்தார். சுற்றிலும் இளைஞர்கள் நின்றார்கள். முன்பு சிரித்தவனும் நின்றான்.

பூட்ஸ் எனக்கு ஒரு அளவு பெரியது. உள்ளே அவருடைய காலின் சூடு இன்னும் ஆறவில்லை. போட்டுக்கொண்டு இறங்கினேன்.